பாலம் பாலத்துக்காகவா?

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்ற வாதம் என்றோ தீர்ந்துவிட்டதாக நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இலக்கிய மேடைகளிலே அது ஓரளவு ஓய்ந்திருக்கலாம். ஆனால் அங்கே தோற்றுப்போன கொள்கை வேறு வேடம் புனைந்து, வேறு வாயில்களினூடாக உள்ளே நுழைந்திருக்கிறது. அவ்வாயில்களுள் ஒன்று கட்டடக்கலை. அதிலும் சிறப்பாக, காடுகளிலும் மலையிடுக்குகளிலும் அருவிக்கரைகளிலும் இன்று மேனாடுகளில் எழுப்பப்படும் நடைபாலங்களிலே அதன் முகத்தை நன்கு காணலாம்.

நடைபாலம் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அணைக்கட்டுகளைப் பற்றியும் கோபுரங்களைப் பற்றியும் பேசுவோர் பலருளர். ஒரு மனிதன் தன் இரு கால்களால் நீரைக் கடப்பதற்கு அமைத்துக்கொண்ட மிக எளிய சாதனத்திலே ஒரு சமுதாயம் தன் மனத்தை மறைக்க முடியாது என்பது நம் எண்ணம்.

மேனாட்டுக் கட்டடக்கலைச் சஞ்சிகைகளைப் புரட்டுவோருக்கு அப்படம் பழக்கமானது. செம்மண் நிறத்திலே துருவேறிய உருக்குத் தகடுகள். அவற்றின்மேல் வர்ணம் காணாத மரப்பலகைகள். பின்னணியிலே பனிமூட்டமும் பச்சைப் பாசியும். பாலத்தின் நடுவே ஒரேயோர் ஆள். தலையிலே சுமையில்லாத, கையிலே பிள்ளையில்லாத, எங்கும் நேரத்துக்குப் போகவேண்டியிராத ஆள். படத்தின் கீழே எழுதப்படுவன பெரும்பாலும் மூன்று செய்திகள்: பாலம் இயற்கையோடு ஒன்றியிருக்கிறது; காலத்தோடு சேர்ந்து முதிர்கிறது; பராமரிப்பு வேண்டாதது. முதலிரண்டும் கவிதை. மூன்றாவது வியாபாரம். கவிதையை வியாபாரத்துக்குக் கூலிக்கமர்த்தினால் என்ன விளையும் என்பதையே நாம் இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

இந்தத் துருநிற உருக்கு மண்ணிலிருந்து முளைத்ததன்று. ஐக்கிய அமெரிக்காவின் யூ.எஸ். ஸ்ரீல் என்ற பெருங்கம்பனி 1933 ஆம் ஆண்டிலே அதனைக் கோர்ட்டென் என்ற வியாபாரப் பெயரோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலிலே அது புகையிரதத்தில் நிலக்கரி ஏற்றும் பெட்டிகளுக்கே பயன்பட்டது. அழகைப் பற்றி அப்பொழுது எவரும் பேசவில்லை. நிலக்கரிப் பெட்டியை யார் ரசித்தார்? முப்பது ஆண்டுகள் கழிந்து, 1964 இல், இலினோய் மாநிலத்து மோலீன் நகரிலே ஜோன் டியர் என்ற உழவு இயந்திரக் கம்பனியின் தலைமைச் செயலகம் அதே உருக்கினால் எழுந்தது. அதனை வரைந்த ஈரோ சாரினென் கட்டடம் முடியுமுன்னரே 1961 இல் இறந்துவிட்டார். அன்றுமுதல் துரு பெரியமனிதர் வீட்டுக்குட் புகுந்தது. கரிப்பெட்டியிலே அழுக்கென்றிருந்தது, செயலகத்திலே அழகாயிற்று.

அதன் இரசாயனம் எளிது. சாதாரண உருக்கிலே துரு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர உதிர உள்ளிருக்கும் புது உலோகம் காற்றுக்கும் நீருக்கும் இரையாகும். கோர்ட்டென் வகை உருக்கிலோ, செம்பு, குரோமியம், நிக்கல், பொசுபரசு முதலியன சிறிதளவு கலந்திருப்பதனால், முதற் சில ஆண்டுகளில் உண்டாகும் துரு இறுகிப் படிந்து, அடுத்து வரும் அரிப்பை மந்தப்படுத்துகிறது. மந்தப்படுத்துகிறது என்றே சொன்னோம்; நிறுத்துகிறது என்று சொல்லவில்லை. பிரித்தானியாவின் பாலக் கட்டுமான விதிகளிலே 120 ஆண்டு ஆயுளுக்கு, சூழலைப் பொறுத்து, உருக்கின் ஒவ்வொரு வெளிமுகத்திலும் 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை அரிந்துபோகும் என்று கணக்கிட்டு, அவ்வளவு தடிப்பை மேலதிகமாகச் சேர்க்குமாறு விதிக்கப்பட்டது. துருவுக்கென்று முன்கூட்டியே படியளந்து வைத்துவிட்டு, அதனைத் துருவாத உருக்கென்று எப்படிச் சொல்வது?

இன்னுமொரு நிபந்தனை உண்டு; அதுதான் முக்கியமானது. அந்தத் துருப்படை இறுக வேண்டுமாயின் உருக்கு நனைந்தபின் காய வேண்டும். மீண்டும் நனைந்து மீண்டும் காய வேண்டும். எப்பொழுதும் ஈரமாயிருக்கும் இடத்திலே, சருகு மூடிய இடத்திலே, உப்புக்காற்று வீசும் இடத்திலே, அது மற்றெந்த உருக்கையும் போலவே அரிந்து தீரும். இது இரகசியமன்று. அமெரிக்கச் சமஷ்டி நெடுஞ்சாலை நிர்வாகம் 1989 இலேயே இதைப்பற்றி ஆலோசனை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, கடற்காற்று, மிகு மழை, ஓயாத ஈரம் ஆகியவற்றை எச்சரித்தது. நீர் ஒழுகக்கூடிய பொருத்துகளின் அருகே வர்ணம் பூசவேண்டும் என்றும், குப்பைகூளத்தை அகற்றவேண்டும் என்றும் கூறியது. மிச்சிகன் மாநிலம் அதற்கும் முன்னரே, 1980 இல், வர்ணமற்ற இவ்வுருக்கைப் புதிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது.

அப்படியானால் நாம் எழுப்பும் கேள்வி இதுதான். மரநிழல், பாசி, உதிர்ந்த இலை, அருவித் திவலை, காலைப் பனி ஆகிய இவையல்லவா இயற்கை நிலக்காட்சி என்று நீங்கள் புகழ்வன? இவையனைத்தும் அவ்வுருக்கின் பகைவர்கள். இயற்கையோடு ஒன்றியது என்று சொல்லப்படும் பொருள், இயற்கையின் மத்தியில் வைத்தவுடன் இயற்கையைத் துடைத்தெறிந்துகொண்டே இருக்குமாறு கேட்கிறது. துடைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் படத்திலே காணோம்.

மரமும் சேரும்பொழுது நிலைமை மேலும் சிக்கலாகிறது. பலகை மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்பலகை உருக்கு விட்டத்தின்மேல் நேரே படிந்திருந்தால், மழை விட்டு நாட்கள் சென்றபின்னும் அடியிலே ஈரம் தங்கும். மேலிருந்து பார்ப்போருக்கு வெள்ளிச் சாம்பல் நிறத்து அழகிய பலகை; கீழே காய வழியில்லாத உருக்கு. பலகை உளுக்காமலிருக்கச் செம்புச் சத்துள்ள மருந்தேற்றினால், அம்மருந்தே ஈரத்தின் துணையோடு உருக்கைத் தின்னத் தொடங்கும். இடைவெளி விட்டு, நீர் வடிய வழி அமைத்து, இடையிலே தடுப்புப் பட்டி வைத்துக் கட்டும் பொறியியலாளர் இருக்கிறார்கள். அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் செய்வது படத்தில் விழுவதில்லை.

பிற்ஸ்பேர்க் நகரத்துக் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்து அந்நகர் உருக்குத் தொழிலின் தலைநகராயிருந்தது. அதன் அயலிலுள்ள ஹோம்ஸ்ரெட் ஆலையிலே 1892 இல் தொழிலாளர் நடத்திய போராட்டத்தை உலகத் தொழிலாளர் இயக்க வரலாறு மறக்கவில்லை. கூலிப்படையை வரவழைத்து அப்போராட்டத்தை முறியடித்தவர் ஹென்றி கிளே பிறிக் என்ற முதலாளி. அவர் 1919 இல் இறந்தபொழுது நகரத்துக்குப் பூங்கா அமைக்க நிலம் எழுதிவைத்தார். பிறிக் பூங்கா என்று இன்றும் அது அவர் பெயரையே தாங்குகிறது. ஹோம்ஸ்ரெட் ஆலை 1901 முதல் யூ.எஸ். ஸ்ரீல் கம்பனியின் சொத்து. 1986 இல் அது மூடப்பட்டது. ஆலை இருந்த இடத்தில் இப்பொழுது கடைத்தொகுதி இருக்கிறது. அந்தக் கம்பனிக்கென 64 மாடிகளோடு 1970 அளவில் எழுந்த கோர்ட்டென் கோபுரமோ இன்றும் நிற்கிறது. அதிலிருந்து வழிந்த துருநீர் அயலிலுள்ள நடைபாதைகளைக் கறைப்படுத்தியது தனிக்கதை. வேலையிழந்த அந்தப் பிரதேசம் முழுவதையும் அமெரிக்கர் துருப்பட்டி என்றே அழைக்கிறார்கள். அங்கே துரு என்ற சொல்லுக்கு அழகியற் பொருள் கிடையாது.

அந்தப் பிறிக் பூங்காவின் ஓடைப் பள்ளத்தின் குறுக்கே, வர்ணம் பூசாத அதே வகை உருக்கினால், 447 அடி நீளத்திலே ஒரு பாலம் அமைந்திருந்தது. பேர்ன் ஹொலோ பாலம் என்பது அதன் பெயர். கீழே நடப்போர் பாதை, சுற்றிலும் மரங்கள், இலையுதிர் காலத்திலே கொட்டும் சருகு. 2022 ஜனவரி 28 ஆந் திகதி அதிகாலை, ஒரு பேருந்தும் சில கார்களும் மேலே சென்றுகொண்டிருக்கையில், பாலம் முழுவதுமாகப் பள்ளத்திலே விழுந்தது. பலர் காயமடைந்தனர், உயிர்ச்சேதம் இல்லை. நாட்டின் வீதிகளையும் பாலங்களையும் திருத்துவது பற்றிப் பேசுவதற்கு ஜனாதிபதி பைடன் அன்றைக்கே அந்நகருக்கு வரவிருந்தார். நாடகாசிரியன் எவனாவது இப்படி எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று நம் விமர்சகர்களே கண்டித்திருப்பார்கள்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 2024 பெப்ருவரியில் முடிவு கூறியது. வடிகால்கள் அடைபட்டிருந்தன. சருகும் மண்ணும் சேர்ந்து பாலத்தின் கால்களின் அடியிலே ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன. காப்பாக அமைந்திருக்க வேண்டிய துருப்படை அவ்விடங்களிலே அமையவேயில்லை. தென்மேற்குக் காலிலிருந்த இணைப்புத் தகடு ஒன்று அரிந்து மெலிந்து, முடிவிலே இற்றது. இவையெல்லாம் திடீரென்று நேர்ந்தவையல்ல. பரிசோதகர்கள் ஆண்டுக்கணக்காக அதே குறைகளைத் திரும்பத் திரும்ப எழுதிவந்தார்கள். திருத்துமாறு கூறப்பட்ட பரிந்துரைகளின்படி மாநகர நிர்வாகம் செயற்படவில்லை என்பதே வீழ்ச்சிக்குக் காரணமெனச் சபை கண்டது. பரிசோதனைகளின் தரக்குறைவும், பாலம் தாங்கக்கூடிய பாரத்தைக் கணித்ததிலே இருந்த தவறும், மேற்பார்வையின் போதாமையும் அதற்குத் துணைநின்றன.

இங்கே நாம் ஒன்றை வற்புறுத்த வேண்டும். அந்தப் பாலத்தைக் காப்பாற்ற விஞ்ஞானம் வேண்டியிருக்கவில்லை. மண்வெட்டியும் துடைப்பமும் நீர்க்குழாயும், அவற்றைப் பிடிக்கக் கூலி கொடுக்கப்பட்ட சில கைகளும் போதுமாயிருந்தன. வடிகாலில் அடைபட்ட சருகை அகற்றுவது ஒரு நகரத்தின் வருமானத்திலே எம்மாத்திரம்? ஆனால் அந்தச் செலவுக்குத் திறப்புவிழா இல்லை. நாடா வெட்டுவதற்கு வழியில்லை. பராமரிப்பு வேண்டாதது என்ற சொல் கம்பனியின் விளம்பரத்திலே தொடங்கி, கட்டடக்கலைஞரின் கவிதையிலே மெருகேறி, கடைசியில் வரவுசெலவுத் திட்டத்திலே தொழிலாளியின் பெயரை வெட்டும் பேனாவாகிறது.

பிற்ஸ்பேர்க்கின் பாலம் வாகனப் பாலமல்லவா, நடைபாலங்களைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஏன் அதை இழுக்கிறார்கள் என்று நண்பர் சிலர் ஆட்சேபிக்கலாம். வாகனப் பாலத்துக்குச் சட்டப்படி பரிசோதகர் வருகிறார், அறிக்கை எழுதுகிறார். காட்டுக்குள்ளே கிடக்கும் நடைபாலத்துக்கு அப்படியொருவர் ஒழுங்காக வருவார் என்பதற்கு எங்கும் உறுதியில்லை. அறிக்கை எழுதப்பட்ட இடத்திலேயே அதைப் படிக்க ஆளில்லாமற் போனதென்றால், எழுதப்படாத இடத்தின் கதியை வாசகரே ஊகிக்கலாம்.

நோர்வேயைப் பாருங்கள். செல்வமும் ஜனநாயக ஒழுங்கும் உள்ள நாடு. நாமும் மதிக்கும் நாடு. 2012 ஆம் ஆண்டிலே அங்கே இரு கட்டுமானங்கள் திறக்கப்பட்டன. ஒன்று, துரோல்ஸ்திகென் மலைப்பாதையின் உச்சியிலே சுற்றுலாப் பயணிகள் பள்ளத்தாக்கை நோக்குவதற்கான, கோர்ட்டென் உருக்கும் கொங்கிறீற்றும் சேர்ந்த மேடை. உலகெங்கும் அதன் படம் சென்றது. மற்றையது, குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில், திரெத்தென் என்ற சிற்றூரிலே ஆற்றைக் கடக்க அமைந்த 148 மீற்றர் நீளப் பாலம். பலகைகளைப் பசையிட்டு அடுக்கிய ஒட்டுமரமும் துருநிற உருக்கும் கலந்து கட்டப்பட்டது. நூறாண்டு நிற்குமென்று கருதப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 2022 ஆகஸ்ட் 15 ஆந் திகதி காலை, ஒரு லொறியும் ஒரு காரும் மேலே நிற்க, அது ஆற்றில் விழுந்தது. சாரதிகள் இருவரும் உயிர் தப்பினர். அங்கே மரம் உளுத்துப் போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மரமும் உருக்கும் சேரும் மூட்டிலேதான் உடைவு நேர்ந்தது. மூலை விட்டமொன்றின் முனையிலே, ஆணிகள் கோத்த மரத்துண்டம் அப்படியே பிளந்து கழன்றது என்று ஆராய்ந்தோர் கண்டனர். அதே பள்ளத்தாக்கிலே, 2016 பெப்ருவரியில், பெர்க்கொலோ என்ற மற்றோர் ஒட்டுமரப் பாலம் லொறியொன்றோடு விழுந்திருந்தது. அதன்பின் திரெத்தென் பாலமும் சிறிதுகாலம் மூடப்பட்டு, ஆராயப்பட்டு, மீண்டும் திறக்கப்பட்டதுதான்.

மரத்தின் இயற்கைத் தன்மையைப் பாடுவோர் இன்னொன்றையும் மறைக்கிறார்கள். நோர்வேயின் நவீன மரப்பாலங்கள் பலவற்றிலே மரம் நிலைப்பதற்காக ஏற்றப்படுவது கிரியோசோற்று எண்ணெய். அது நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படுவது. புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று சர்வதேச ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருப்பது. அதனை மரத்திலே ஏற்றும் தொழிலாளியின் நுரையீரலும் இயற்கையைச் சேர்ந்ததுதானே? உருக்கின் கதையும் இவ்வாறானதே. உலகிலே மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டிலே ஏறத்தாழ 7 வீதம் உருக்குத் தொழிலிலிருந்து வருகிறது. மண்ணின் நிறத்தைப் பூண்டதனால் உருக்கு மண்ணுக்கு உறவாகிவிடுவதில்லை.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே நிலப்பிரபுக்கள் தம் மாளிகைத் தோட்டங்களை இயற்கைக் காட்சிகளாக மாற்றியமைத்தார்கள். புதிதாகக் கட்டிய இடிபாடுகள், பழமை காட்டும் பாலங்கள், வளைந்தோடும் செயற்கை ஓடைகள் ஆகியன அக்காலத்து நாகரிகம். டோர்செற் மாவட்டத்திலே மில்ற்றன் பிரபு தம் மாளிகையின் காட்சிக்கு இடைஞ்சலாயிருந்ததென்று ஒரு சிற்றூரையே அகற்றி, குடிமக்களை வேறிடத்தில் குடியேற்றினார். நிலக்காட்சியை வரைந்துகொடுத்தவர் அக்காலத்துப் புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் லான்சிலொற் பிரவுண். உழுபவன் கண்ணிற் படாத வயலே அந்த வர்க்கத்துக்கு அழகாயிருந்தது. இன்று பிரபுக்கள் இல்லை. சுற்றுலாச் சபைகள் இருக்கின்றன. உழைப்பின் சுவடு தெரியாதிருப்பதே அழகு என்ற தத்துவம் மட்டும் சேதமின்றிக் கைமாறியிருக்கிறது. துருவை அன்றாடம் சுரண்டி எடுப்பவனுக்குத் துரு அழகாய்த் தோன்றுவதில்லை. சுரண்டாதவனுக்கே அது ரசமாகிறது.

எதிர்த்தரப்பாரின் வாதத்திலே நியாயமுள்ள பகுதியை மறைத்து வெல்ல நாம் விரும்பவில்லை. வர்ணம் பூசுவது தீமையற்ற தொழிலன்று. ஈயம் கலந்த பழைய வர்ணத்தைச் சுரண்டிய தொழிலாளர் எத்தனையோ பேர் நஞ்சேறி நலிந்தனர். ஆழ்ந்த பள்ளத்தின்மேல் தொங்கிக்கொண்டு பூசுவது உயிரோடு விளையாட்டு. மேற்கு வேர்ஜினியாவிலே நியூ ரிவர் பள்ளத்தாக்கின் மேல் 1977 இல் திறக்கப்பட்ட பெரும் வளைவுப் பாலம், 518 மீற்றர் வளைவோடு, வர்ணமின்றியே இன்றும் நிற்கிறது. காற்றோட்டமுள்ள உயரம், வடிகின்ற நீர், தவறாத பரிசோதனை ஆகிய மூன்றும் அமைந்த இடத்திலே அவ்வுருக்கு நல்ல உருக்கே. பொருளின்மேல் நமக்குப் பகையில்லை. அந்த மூன்றையும் சொல்லாமல் விற்பதன்மேல்தான் பகை.

மரமும் அப்படித்தான். சுவிற்சலாந்திலே தொய்பென் என்ற கிராமத்துத் தச்சர் ஹான்ஸ் உல்ரிக் குறூபென்மான், பல்கலைக்கழகம் எதையும் பாராதவர். 1750களிலே ஷாவ்ஹௌசென் நகரில் றைன் நதியின்மேல் அவர் அமைத்த மரப்பாலத்தைக் காண ஐரோப்பாவெங்கும் இருந்து அறிஞர் வந்தனர். 1799 இலே பின்வாங்கிய பிரெஞ்சுப் படை அதை எரித்தது. அதுவாக உளுத்து விழவில்லை. அவருடைய பாலங்களுக்குக் கூரை இருந்தது. கூரை என்பது அலங்காரமன்று. விட்டங்கள் நனையாதிருப்பதற்கான குடை. கூரையின் ஓடு உடைந்தால் ஓட்டை மாற்றலாம், விட்டம் பிழைக்கும். இன்றைய நிலக்காட்சிப் பாலங்கள் பலவற்றிலே அந்தக் குடையைக் காட்சிக்கு இடைஞ்சலென்று கழற்றிவிட்டார்கள். மரத்துக்குப் பதில் மருந்தை நம்பினார்கள்.

தற்காலத்திலும் அந்தத் தச்சர் மரபை அறிந்தோர் இல்லாமலில்லை. அதே சுவிற்சலாந்திலே வியா மாலா பள்ளத்தாக்கில் யூர்க் கொன்செற் என்ற பொறியியலாளர் 1996 இல் திராவெர்சினா நடைபாலத்தை அமைத்தார். 47 மீற்றர் நீளமான அப்பாலத்தின் பாரந்தாங்கும் பகுதியை ஹெலிகொப்டர் தூக்கி வைக்கக்கூடிய அளவுக்கு இலேசாக அமைத்தார். நனையும் பாகங்கள் மாற்றத்தக்கன என்பதை முன்கூட்டியே எண்ணி வரைந்தார். 1999 இலே மலைப்பாறை சரிந்து அது அழிந்தது. 2005 இல் வேறிடத்திலே, 56 மீற்றர் நீளத்தில், தொங்கும் படிக்கட்டாக இரண்டாவது பாலம் எழுந்தது. என்றைக்கும் முதிர்ந்துகொண்டே நிற்கும் பாலம் என்ற பேச்சு அங்கே இல்லை. மலை விழும், மரம் தேயும், மனிதர் திரும்பவும் கட்டுவர் என்ற கணக்கு வரைபடத்திலேயே இருக்கிறது. அழகும் இருக்கிறது, அதை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

ஆயினும் பராமரிப்பைப் பற்றிப் பேசுகையில் நம் நெஞ்சைக் கவர்வது ஐரோப்பாவன்று. பெரு நாட்டிலே, அபுரிமாக் ஆற்றின்மேல், கெஸ்வாச்சாக்கா என்ற புற்கயிற்றுப் பாலம் ஒன்றுண்டு. நீளம் முப்பது மீற்றருக்குச் சற்றே குறைவு. அயலிலுள்ள நான்கு கெச்சுவாக் குடியிருப்புகளின் மக்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்திலே கூடுகிறார்கள். மலைப்புல்லைப் பிடுங்கிக் காயவைத்து, குடும்பத்துக்கு இவ்வளவென்று மெல்லிய கயிறு திரிக்கிறார்கள். மெல்லிய கயிறுகளை முறுக்கிப் பெருங்கயிறாக்குகிறார்கள். பழைய பாலத்தை அறுத்து ஆற்றிலே விட்டுவிட்டு, புதியதை இரு கரைகளிலிருந்தும் நெய்துகொண்டு வருகிறார்கள். இறுதியிலே பாட்டும் ஆட்டமும் நடைபெறுகின்றன. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2013 இல் இந்தப் பாலத்தையன்று, இந்த வேலையை மனிதகுலத்தின் மரபுரிமையென்று பதிவு செய்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020 இல் வேலை நடைபெறவில்லை. 2021 மார்ச்சிலே பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனிலே மக்கள் அதனை மீண்டும் நெய்தனர்.

புற்பாலத்துக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. பழமையைப் பூசித்தல் நமது தொழிலன்று; அந்த மலைமக்களுக்கும் லொறி போகும் பாலம் பக்கத்திலே இருக்கிறது. நாம் காட்டவிரும்புவது வேறு. அங்கே பராமரிப்பு வெட்கப்பட்டு ஒளிக்கும் செலவன்று. ஊரறியச் செய்யும் வேலை. யார் எவ்வளவு கயிறு தரவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நேபாளத்தையும் குறிப்பிடாமல் விடமுடியாது. அங்கே சுவிற்சலாந்தின் நீண்டகால உதவியோடும், கிராமப் பாவனையாளர் குழுக்களின் உழைப்போடும் இதுவரை ஏறத்தாழ 10,000 நடைபாலங்கள் எழுந்திருக்கின்றன. உருக்கு வடங்களைத் தோளிலே சுமந்து மலையேற்றியவர்கள் அந்த ஊர் மக்களே. பாலத்தின் பாகங்களுக்கு நாகமுலாம் பூசப்பட்டிருக்கும். பார்வைக்குத் தகரம்போல வெள்ளையாய் மினுங்கும். நிலக்காட்சியோடு அது ஒன்றவில்லை என்று எந்தச் சஞ்சிகையாவது குறைகூறலாம். முன்னர் பல மணிநேரம் சுற்றி நடந்த பிள்ளை இப்பொழுது நேரத்தோடு பாடசாலைக்குப் போகிறது. கர்ப்பிணி வைத்தியசாலைக்குப் போகிறாள். அந்தப் பாலங்களின் படத்திலே ஒரேயோர் ஆள் நிற்பதில்லை. மூட்டை சுமப்போரும், கழுதைகளும், பாடசாலைச் சீருடையும் நிறைந்திருக்கும்.

நம் நாட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை ஏன் சிந்திக்க வேண்டும்? இந்த நாகரிகம் இங்கும் வரும். சுற்றுலாவின் பெயரால் ஏதாவதோர் அருவிக்கரையிலோ களப்போரத்திலோ துருநிறப் பாலமொன்றின் படம் ஒருநாள் நம் முன்னே விரிக்கப்படலாம். கடற்கரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீற்றருக்குள் இவ்வுருக்கை வர்ணமின்றிப் பயன்படுத்தலாகாது என்பது பிரித்தானியப் பொறியியலாளர் பொதுவாகக் கூறும் ஆலோசனை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, கடலையும் களப்பையும் விட்டு அவ்வளவு தூரம் விலகிய நிலம் எவ்வளவு இருக்கிறது? நம்மைப் போன்றே வெப்பமும் உப்புக்காற்றும் உள்ள ஹவாய்த் தீவிலே, இதே வகை உருக்கினால் 1975 இல் திறக்கப்பட்ட அலோஹா விளையாட்டரங்கு அரிந்து அரிந்து, திருத்தித் திருத்தி, முடிவிலே 2020 டிசம்பரில் பார்வையாளருக்கு மூடப்பட்டது. ஈரமான அற்லாண்டா நகரத்து ஓம்னி அரங்கு இருபத்தைந்தே ஆண்டுகளில், 1997 இல், இடித்துத் தள்ளப்பட்டது. அதன் சுவர்த் தகடுகளிலே துருவினால் ஓட்டைகள் விழுந்திருந்தன.

மற்றொரு காரணமும் உண்டு. 2021 நவம்பர் 23 ஆந் திகதி, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டி முடியாதிருந்த காலத்தில், மக்களை ஏற்றிச் சென்ற மிதப்புப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அந்தக் கரையிலே நின்றவர்களுக்குப் பாலத்தின் நிறம் ஒரு பிரச்சினையாயிருக்கவில்லை.

ஆகவே, நடைபாலம் எதற்காயினும் திட்டமொன்று முன்வைக்கப்படும்பொழுது, பனிமூட்டத்தோடு வரைந்த படத்தைப் பார்த்துக் கைதட்டுமுன்னர், அதனோடு வேறொரு தாளையும் கேட்குமாறு நம் வாசகர்களை வேண்டுகிறோம். இந்தப் பாலத்தின் வடிகாலை ஆண்டுக்கு எத்தனை முறை யார் துப்புரவு செய்வார்? அவருக்குச் சம்பளம் எந்த வரவுசெலவுத் தலைப்பிலே ஒதுக்கப்பட்டிருக்கிறது? உளுத்த பலகையை அயலூர்த் தச்சர் கழற்றி மாற்ற முடியுமா, அல்லது கம்பனியின் ஆளே வரவேண்டுமா? பரிசோதகரின் அறிக்கை எந்த அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலே, யாரும் படிக்கத்தக்க மொழியிலே ஒட்டப்படும்? இவை அத்தாளிலே எழுதப்பட்டுப் பொறுப்பானவர் கையொப்பமும் இடப்பட்டிருக்குமாயின், பாலம் துருநிறமாயினும் தகரநிறமாயினும் நமக்கு ஆட்சேபமில்லை. தாள் இல்லையென்றால், அது வரும்வரை திட்டத்துக்கு ஒப்புதல் கொடாதீர்கள் என்று ஊர்ச் சங்கங்களையும் பிரதேச சபை உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.